ஒன்றைத் தாண்டாத வால்யூம்

எந்தக் கட்டடத்து லிஃப்ட் மக்கர் செய்தாலும் பத்தே நிமிடத்தில் காரணம் சொல்லிவிடுகிற மெக்கானிக் அவர். தன் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு என்ன கேடு என்பதை மட்டும் ஆறு வருடமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய ராக் பாட்டுகளில் வருமே, தடித்துக் கரகரத்து இழுத்துக்கொண்டே போகும் ஒலி, அது அவர் கிட்டாரில் வரவே மாட்டேன் என்றது. வந்ததெல்லாம் கொசுவின் ரீங்காரம்தான்.

பழி முழுவதையும் பிக்கப் தலையில் கட்டினார். கம்பிகளுக்கு அடியில் இருந்து அதிர்வை மின்சாரமாக்குகிற காந்தச் சுருள் அது. ஒற்றைச் சுருளைக் கழற்றி, ஈயம் உருக்கிப் பற்றவைத்து இரட்டைச் சுருள் போட்டார். அது குழறுகிறது என்று மறுபடி ஒற்றைக்கே வந்தார்.

“எப்பப் பாரு ஈயப் புகை. வாசிக்கத்தானே வாங்கினீங்க?” என்பார் மனைவி.

“சவுண்டு சரியாகட்டும், வாசிக்கிறேன்.”

மச்சினன் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் அடிப்பவன். அதில் சேர இவர் வீட்டிலிருந்து பதிவு செய்து அனுப்பியதையெல்லாம் கேட்டுச் சலித்துப்போனான்.

“ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து வாசிங்க மாமா. அன்னிக்கும் சரிப்படலைன்னா வேற ஆள் பாத்துக்கிறோம். தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. சனிக்கிழமை மறுபடியும் பிக்கப்பை மாற்றினார்.

ஒத்திகை அறையில் தன் ஆம்ப்ளிஃபயரை வைத்து, வழக்கம்போல வால்யூமை ஒன்றில் நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து பழகிய கை அது. அதே கொசு.

மச்சினன் எழுந்து வந்து குமிழை ஏழுக்குத் திருகினான். “இது பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப், மாமா. வால்வு திணறினாத்தான் கரகரப்பே வரும். ஒண்ணுல வெச்சா எந்தப் பிக்கப் போட்டும் புண்ணியமில்லை.”

ஒரு கம்பியைச் சுண்டினார். பழைய ராக் பாட்டுகளில் வரும் அதே ஒலி! நெஞ்சே அதிர்ந்தது. சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம். ஆறு வருடம், ஒரு குமிழைத் திருகத் தெரியாமல் போய்விட்டதே!

பாட்டு தொடங்கியது. சின்ன சத்தத்தில் இத்தனை நாள் தெரியாததெல்லாம் இப்போது தெரிந்தது. விரலால் அமர்த்தி வைக்கப் பழகாத கம்பிகள் கூடவே அலறின. கை ஒவ்வொரு முறையும் அரை நொடி பிந்தியது. பாதியில் டிரம்ஸ் நின்றது.

“சவுண்டு பிரமாதம் மாமா,” என்றான் மச்சினன், நிமிராமலே. “இப்பதான் நீங்க வாசிக்கிறது முழுசா கேக்குது.”

ஆத்திரம் வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

“வேற ஆள் பாத்தாச்சா?” என்று கேட்டார்.

மச்சினன் டிரம்ஸ் குச்சியை வைத்துவிட்டு எழுந்து வந்து, குமிழை மறுபடி ஒன்றுக்கே திருப்பி வைத்தான்.