நான்காம் மாடி ஏறிய ஆபீஸ் பிரின்டர்

தனியாக இருக்கும் வீட்டில் நான் யாரோடு சண்டை போடுகிறேன் என்று கேட்டுக்கொண்டு, கீழ்வீட்டு அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வந்துவிட்டார். ஜெர்மனியில் ஞாயிறன்று சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது தெரியும். பாடம் படிக்கவும் கூடாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "படிக்கிறேன்" என்றேன். "கத்திக்கொண்டா?" என்றார். சங்கராபுரத்தில் படித்தவளுக்கு வேறு எப்படிப் படிக்கத் தெரியும்? தாளைக் கையில் பிடித்து, நடந்துகொண்டே வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும்.

அது சாதாரணப் படிப்பும் இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒன்பது வருடம் நர்சாக இருந்தவள், இங்கே ஒரு தேர்வில் தேறினால்தான் நர்ஸ். அதுவரை வெறும் உதவியாள். ஒருமுறை தவறிவிட்டேன். இன்னும் ஒரே வாய்ப்பு. தேறினால் கணவர் அருளையும் மகள் ஜெனியையும் அழைத்துக்கொள்ளலாம். தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பாடமெல்லாம் கம்ப்யூட்டரில் கிடந்தது. கடையில் வாங்கிய குட்டி பிரின்டர் இரண்டே வாரத்தில் மூச்சை விட்டது. பழைய ஆபீஸ் லேசர் பிரின்டர் ஒன்றையே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கட்டட வரைபடம் போடும் பெரியவர் ஒருவர் தம் அலுவலகத்தை மூடுவதால் விற்றார். இடுப்பு உயரம், கன்றுக்குட்டி கனம். எங்கள் அப்பா மாடு வாங்கும்போது பல்லைப் பார்ப்பார், எத்தனை ஈத்து என்று கேட்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். நானும் இதுவரை எத்தனை பக்கம் அடித்திருக்கிறது என்று கேட்டேன், தாளிழுக்கும் ரப்பர் உருளையைத் தடவினேன், பத்துத் தாள் ஓடவிட்டுக் காதைக் கொடுத்தேன். பெரியவர் மிரண்டுபோய்ப் பார்த்தார். பேரம் படிந்ததும் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெட்டியை உருவித் தம் மேசைக்குள் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவும் மாட்டை விற்றால் கயிற்றை உருவிக்கொண்டுதான் கொடுப்பார். "கயித்தையும் குடுத்துட்டா மாட்டுக் கொட்டா காலியாப் பூடும்" என்பார். வாங்குகிறவர் அதைக் கேட்பது மரியாதை இல்லை. அட, இவர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டா என்று நானும் கேட்கவில்லை.

கூட வேலை செய்யும் இருவரோடு நான்கு மாடி தூக்கி வந்து ஸ்விட்சைப் போட்டால், திரையில் சிவப்பு எழுத்து. பெரியவர் உருவியது ஃபெஸ்ட்பிளாட்டே, அதாவது ஹார்ட் டிஸ்க். அது இல்லாமல் இது அசையாது. நல்ல விவரக்காரி நான்! அந்த நேரம் பார்த்து அருள் போன் செய்தார்.

"இன்னா, பிரின்டர் வந்துடுச்சா? ஓடுதா?"

"நாளைக்கு ஓடுங்க" என்றேன். ஓட வைக்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம்.

மறுநாள் பெரியவரிடம் போய், தெரிந்த ஜெர்மனில் மாடு, கயிறு எல்லாம் விளக்கினேன். நான் பண்ணை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, எத்தனை மாடு இருக்கிறது என்று கேட்டார். ஒருவழியாகப் புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பெட்டிக்குள் ஊரார் வீட்டு வரைபடமெல்லாம் இருக்கிறதாம், வெளியே கொடுக்கக்கூடாதாம். புது டிஸ்க் ஒன்றோடு அவரே மாடியேறி வந்து பொருத்தி, வேண்டியதை ஏற்றிக் கொடுத்தார். முதல் பக்கம் வெளியே வந்தபோது அழுதுவிட்டேன்.

மூன்று மாதம் அது அடித்தது, நான் படித்தேன். ஞாயிறுகளில் ஆற்றங்கரைக்குப் போய்க் கத்தினேன். தேர்வன்று ஒரு கிழவரின் மணிக்கட்டைப் பிடித்து, நாடியைத் தமிழில் எண்ணி ஜெர்மனில் சொன்னேன். கடைசியில் "பெஸ்டாண்டன்" என்றார்கள். தேறிவிட்டேன்.

அன்று விசா படிவங்களை அச்சடித்து நிரப்பிக்கொண்டே ஊருக்குப் பேசினேன். சேதியைக் கேட்டதும் அருள் போனை ஜெனியிடம் கொடுத்தார்.

"பாப்பா, அம்மா பாஸ் பண்ணிட்டேன்!"

"சூப்பர்மா! அதான் பரீட்ச முடிஞ்சிடுச்சே, எப்ப வூட்டுக்கு வர?"

தாள் இன்னும் சூடாக இருந்தது. அதில் அவள் பெயருக்கு நேரே, அவள் வந்து வசிக்கப்போகும் முகவரியாக இந்த நான்காம் மாடியை எழுதி முடித்திருந்தேன்.

"சீக்கிரம்" என்றேன்.