கறிக்கடை ஃப்ரீசரில் ஒரு பேரிங்

தன்ராஜ் போய்விட்ட செய்தி எனக்குக் கறிக்கடையிலிருந்து வந்தது. சிவாஜிநகர் நசீர் பாய் போனில் விசும்பினார். "காலையில வூட்லயே போயிட்டாராம் அண்ணா... ஹார்ட்டு." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவரு வெச்ச சாமான் என் ஃப்ரீசர்ல இருக்கு. என்னா பண்றது?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

லேத் பழுது பார்க்கும் எங்கள் பட்டறையை அறிந்த உங்களுக்கு அந்தச் சாமான் என்னவென்று தெரியும். லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலைத் தாங்கும் டேப்பர் பேரிங்கின் வெளிவளையம் அது. தனக்கான குழிக்குள் அது மயிரிழை கோணி உட்கார்ந்தாலும், அந்த லேத்தில் கடையும் எதுவும் வட்டமாக வராது. நான் தட்டி இறக்கும் சுத்தியல் கட்சி, என் பார்ட்னர் தன்ராஜ் ஐஸ் கட்சி. ஒரு நாள் குளிரில் கிடந்தால் வளையம் துளி சுருங்கும் என்பார். அவர் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மனைவி தடை போட்டுவிட்டதால் கறிக்கடை. நான் சுத்தியலைத் தூக்கினால் போதும், "சும்னிரு மச்சா, சும்மா இரு. குளிரட்டும், தானா உக்காரும்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

ஒருமுறை அவர் ஓட்டமாகக் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தால் அரைக் கிலோ ஈரல். வளையம் ஃப்ரேசர் டவுனில் யாரோ ஓர் அம்மா வீட்டுக்குப் போயிருந்தது. அவர் தேடிப் போன நேரத்தில் நாங்கள் ஈரலை மிளகு போட்டு வறுத்துத் தின்றுவிட்டோம். அந்த அம்மாவோ, "மொதல்ல என் ஈரலக் குடு, அப்புறம் உன் இரும்பு" என்றுவிட்டார். வேறு ஈரல் வாங்கிக் கொடுத்து வளையத்தை மீட்டு வந்தவர் எங்களைத் திட்டவில்லை. வாணலியை எட்டிப் பார்த்து, "எனக்கு ஒரு துண்டு வெக்கலயேடா" என்றார்.

சாவு வீட்டில் அவரைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெட்டியின் அடியில் ஃபேன் கரகரத்தது. அந்த ஃபேனின் பேரிங் தேய்ந்துபோயிருந்தது. அவர் எழுந்து கழற்றிவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஃப்ரீசரில் கிடந்த வளையம், வியாழக்கிழமை ஓடும் என்று தன்ராஜ் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்த லேத்துக்கானது. அந்த மனிதரிடம் இருப்பதே அந்த ஒரு லேத்துதான். தன்ராஜின் வார்த்தை பொய்யாகக் கூடாதே என்று எனக்குப் பயம். செவ்வாயன்று வளையத்தைக் கறிக்கடையிலிருந்து வாங்கிவந்து, துடைத்து, எண்ணெய் தடவி வைத்தேன். அதற்குள் குளிர் விட்டுப்போய், குழியின் வாயிலேயே கோணிக்கொண்டது. கை தானாகச் சுத்தியலுக்குப் போனது. பிடித்துக்கொள்ள ஆளில்லை. நானே கையை இழுத்துக்கொண்டு, வளையத்தை மறுபடி நசீர் பாயிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு தொடைக்கறியை வெளியே எடுத்து இடம் கொடுத்தார்.

புதனன்று வளையம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. வியாழன் காலை லேத் சத்தமில்லாமல் ஓடியது.

சுத்தியல் இன்னும் ஆணியில் தொங்குகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் "சும்னிரு" மட்டும்தான். அன்று மத்தியானம் பட்டறையில் ஈரல் வறுத்தோம். அவருக்கு ஒரு துண்டு வைத்தோம்.