அரைப்பேர் ஆட்டம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்னதுரை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த பந்தாட்டத்தைப் போல மடத்தனமான ஆட்டம் ஒன்றை நான் பார்த்ததில்லை. பந்தே உருண்டையாக இராது. பப்பாளிக்காயைத் தோலுக்குள் வைத்துத் தைத்தது போலிருக்கும். அதை உதைக்கலாம், பிடிக்கலாம், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடலாம். ஓடும்போது இடையிடையே தரையில் தட்ட வேண்டும். மழைச்சேற்றில் அந்தப் பந்தைத் தட்டினால் அது எந்தப் பக்கம் எழும்பும் என்பது தட்டியவனுக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது.

முப்பதுகளில் தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. இலங்கை மலைநாட்டில் டயகமப் பக்கத்துத் துரைமாருக்குக் கிளப்பில் பேசுவதற்கு வேறொன்றும் இல்லாமற்போனதால், நான்கு தோட்டங்கள் ஒன்றோடொன்று மோதி ஒரு மழைப்பருவம் முழுக்க இந்த ஆட்டத்தை ஆடுவது என்று முடிவாயிற்று. ஆடப்போவது துரைமார் அல்ல, தொழிலாளிகள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தவனுக்கு அன்று மத்தியானத்துக்கு மேல் மலையில் வேலை இல்லை என்றார்கள். அதற்காகத்தான் வந்தார்கள். இங்குள்ள ஜனங்களுக்கு இந்த ஆட்டத்தின் மேல் எவ்வளவு ஆசை பாருங்கள் என்று சின்னதுரை ஊருக்குக் கடிதம் எழுதினார்.

அவருடைய ஊரில் இதற்கு மேசை போலத் தட்டையான மைதானமாம். எங்களுடையது ஃபாக்டரிக்குக் கீழே ஒரு சரிவு. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கான். பந்து கானுக்குள் விழும் நேரமெல்லாம் இருபத்துநாலு பேரும் குனிந்து காலில் ஏறிய அட்டையைப் பிடுங்குவார்கள். பெரிய கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாகக் குடையின் கீழ் நின்று, பந்து எந்தப் பக்கம் போனாலும் "சபாஷ்" என்பார். எதிர்த் தோட்டத்துக்காரன் உதைத்தாலும் அதே சபாஷ்தான்.

எனக்கு அங்கே என்ன வேலை என்றால், துரை இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் சொல்லும் துபாஷி வேலை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஹட்டன் வரை போய் எட்டாம் வகுப்பு முடித்தவன் நான் ஒருவன்தான். முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தேன். படித்த பிள்ளை என்று மண்வெட்டியும் தரவில்லை, கான் வெட்டுகிறவன் மகன் என்று பேனாவும் தரவில்லை. ஆபீசில் சின்னக் கிளாக்கர் வேலை ஒன்று காலியாக இருந்தது. "கோப்பை நமக்கு வந்தால் பெரிய துரையிடம் உனக்காகப் பேசுகிறேன்" என்று சின்னதுரை இங்கிலீஷில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான்கு மாதம் மழையில் நின்றேன்.

மைதானத்தின் இரண்டு முனைகளிலும் நான்கு நான்கு சவுக்குக் கம்பங்கள். நடுவில் இரண்டு உயரமானவை, ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டையானவை. நடுக்கம்பங்களுக்கிடையே பந்து போனால் ஆறு புள்ளி. நடுக்கம்பத்துக்கும் ஓரக்கம்பத்துக்கும் இடையே போனால் ஒரு புள்ளி. குறி தவறியதற்கும் ஒரு புள்ளி கொடுக்கும் தேசத்தைப் பற்றி என்ன சொல்வது?

அந்த ஒரு புள்ளிக்குச் சின்னதுரை சொன்ன இங்கிலீஷ் வார்த்தைக்கு, எனக்குத் தெரிந்து, 'பின்னால்' என்றுதான் அர்த்தம். திரும்பக் கேட்டிருக்கலாம். படித்தவன் கேட்கலாமா? புரிந்தது போலத் தலையாட்டினேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அண்ணன் ஒருவர், லயத்தில் எங்கள் அடுத்த காம்பராக்காரர், எங்கள் பக்கத்தில் எல்லோரையும்விட வேகமாக ஓடுகிறவர், முதல் நாளே கேட்டார்.

"தம்பி, நடுவால போகாம ஓரத்தால போச்சுன்னா என்னாங்க கணக்கு?"

"அரைப்பேர்ணே" என்றேன்.

கூட்டம் சிரித்தது. "அடடே, இங்கயும் அது வந்துருச்சா!" என்றான் ஒருவன். எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

தோட்டத்தில் ஒரு நாள் முழுவேலைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, விழும். கொழுந்து குறைந்தாலோ, வேலை பிடிக்கவில்லை என்று கங்காணி சொன்னாலோ அரைப்பேர். நான் பாதி மதிப்பு என்ற அர்த்தத்தில் சொன்னேன். அவர்களுக்கு அரைப்பேர் என்றால் பாதி கிடைத்தது அல்ல, பாதி பிடுங்கப்பட்டது. என் அப்பா ஆயுள் முழுக்க அரைப்பேர் வாங்கி வந்து வாசலில் உட்காருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எட்டு வகுப்பு அதை மறக்கடிக்கப் போதுமாக இருந்தது.

ஆட்டங்கள் நடந்தன. எங்கள் ஆட்கள் ஓரக்கம்பத்துப் பக்கம் பந்து உருண்டால் தீயைக் கண்டது போல ஓடிப்போய்த் தடுத்து, நடுவுக்குத் தள்ளினார்கள். மற்றத் தோட்டத்தார் ஓரத்திலும் அடித்து ஒன்று ஒன்றாகச் சேர்த்தார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து, "அவனுகளுக்கு அரைப்பேருதான்டா!" என்று கேலி செய்தார்கள். கரும்பலகையில் எண்களை எழுதியவன் நான். அதைப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் ஆட்டக்காரரில் எவரும் இல்லை.

மூன்றாவது சனிக்கிழமையே எனக்கு விஷயம் பிடிபட்டது. ஆனால் அதற்குள் சின்னதுரை, "என் ஆட்கள் அற்பப் புள்ளிக்கு ஆசைப்படமாட்டார்கள், நேரே நடுவுக்குத்தான் அடிப்பார்கள்" என்று கிளப்பில் பெருமை பேசத் தொடங்கியிருந்தார். தொடர்ந்து வென்றுகொண்டும் இருந்தோம். இப்போது போய், என் தப்பு துரை என்று சொன்னால் கிளாக்கர் வேலை என்ன ஆகும்? சொல்லவில்லை.

கடைசி ஆட்டம் அகரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்தோடு. சமமாக முடிந்தால், பருவம் முழுக்க அதிகப் புள்ளி சேர்த்த அவர்களுக்கே கோப்பை. முடியும் தறுவாயில் இரண்டு பக்கமும் சமம். எங்கள் பையன் ஒருவன் உதைத்த பந்து சேற்றில் இரண்டு தரம் குதித்து, தடுக்க ஆளில்லாத ஓரக்கம்பத்தின் உட்பக்கமாக மெதுவாக உருண்டது. இன்னும் மூன்று முழம் போனால் எங்களுக்கு ஒரு புள்ளி, கோப்பை, எனக்குப் பேனா.

"விடுங்கண்ணே! போகட்டும்!" என்று கத்தினேன்.

கவ்வாத்து அண்ணன் பாய்ந்து விழுந்து பந்தைக் கட்டிப்பிடித்துவிட்டார். எழுந்து நடுவுக்கு உதைக்கக் காலை ஓங்குவதற்குள் மூன்று பேர் அவர் மேல் விழுந்தார்கள். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. பெரிய கங்காணி "சபாஷ்" என்றார்.

சின்னதுரை முகம் சிவந்து ஓடிவந்தார். "ஏன் நிறுத்தினான்? கேள் அவனை!"

கேட்டேன். அண்ணன் வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்: "அரைப்பேர் விழப்பாத்துச்சு, தம்பி. நல்லவேளை, புடிச்சுட்டேன்னு தொரைகிட்டச் சொல்லுங்க."

நான் துரையிடம் திரும்பி, "கால் வழுக்கி விழுந்துவிட்டானாம், சார்" என்றேன்.

சின்னதுரைக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். பெரட்டு, ஓடு, சும்மா பேசாதே. அந்தப் பத்தில் இதுவும் ஒன்று என்பதை நான் யோசிக்கவில்லை.

"அரைப்பேர்?" என்றார் அவர். "இங்கே அரைப்பேர் என்னா?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும், கறுத்த முகத்தோடு, இலக்கணப் பிழையோடு சொன்னேன். கேட்டு முடித்ததும் சின்னதுரை என்னை அடிக்கவில்லை. முட்டியில் கை வைத்துக் குனிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணனும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தார். பிறகு, "தொரை என்னா சொல்றாரு தம்பி?" என்று என்னைக் கேட்டார். நான் கரும்பலகையைத் துடைக்கப் போனேன்.

கதை அன்றே கிளப்புக்குப் போயிற்று. அங்கிருந்து எல்லாத் தோட்டங்களுக்கும் போயிற்று. அடுத்த வாரத்திலிருந்து அண்ணனுக்குச் சொந்தப் பெயர் போய், அரைப்பேர் என்ற பெயரே நிலைத்தது. காலையில் ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணியும் அப்படித்தான் கூப்பிட்டார்.

என்னைப் பெரிய துரை ஆபீசுக்கு அழைத்தார். துரத்தத்தான் என்று நினைத்துப் போனேன். சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "விளையாட்டில்கூட இந்த ஆட்களை அரைப்பேருக்குப் பயப்பட வைத்திருக்கிறாய். கங்காணிமாருக்கே அது முடிவதில்லை. ஆபீசுக்கு நீதான் சரியான ஆள். திங்கட்கிழமை வா."

வேண்டாம் என்று சொல்லும் முதுகெலும்பு எனக்கு இருந்திருந்தால் இந்தக் கதையை இன்னும் கொஞ்சம் தலைநிமிர்ந்து எழுதியிருப்பேன். "தேங்க் யூ, சார்" என்றேன். இரண்டு தரம் சொன்னேன்.

வெளியே வரும்போது தூறல். கவ்வாத்துக் கத்தியோடு அண்ணன் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார். அதற்குள் அவருக்குச் செய்தி போய்விட்டிருந்தது.

"வேல கெடச்சிருச்சாமுங்களே. நல்லதுங்க ஐயா."

"என்னாண்ணே ஐயாங்கிறீங்க? தம்பின்னே கூப்பிடுங்க."

"ஆபீஸ்ல இருக்கிறவங்கள அப்புடிக் கூப்புட்டா கங்காணி ஏசுவாருங்க" என்று சொல்லி, மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணியை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறிப் போனார். நான் மறுபடியும் வற்புறுத்தவில்லை.