பென்சில் அக்காவின் பதினைந்து வரிகள்

வெள்ளக் கணிப்பு அலுவலகத்தில் அவளுக்குப் பென்சில் அக்கா என்று பெயர். ஆற்றின் போக்கைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது வேலை. பத்தொன்பது வருடமாக அதைச் செய்தும் கம்ப்யூட்டரைத் துளியும் நம்பாதவள். கணக்கு ஓட ஓட, பழைய பாலத்தடியில் மணிக்கு மணி நீர்மட்டம் எவ்வளவு இருக்கும் என்று திரையைப் பார்த்து நோட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வாள்.

"அதான் திரையிலயே இருக்கே அக்கா, எதுக்குக் கையொடிய எழுதுறீங்க?" என்பாள் பக்கத்து மேசைக்காரி.

"கை சும்மா இருந்தா பயமா இருக்குடி."

முன்பாவது மெஷின்கள் அடுத்த அறையில் இரைந்துகொண்டிருந்தன. பயம் வந்தால் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். இப்போது கணக்கு ஓடுவது கிளவுடில், எந்த ஊரிலோ எவனோ வாடகைக்கு விடும் நூறு மெஷின்களில். அலுவலக மெஷினுக்கு ஒன்பது மணி நேரம் பிடிப்பதை அவை மூன்றரை மணியில் முடித்துவிடும். ஆனால் தொட்டுப் பார்க்க முடியாது.

தப்பிக்க ஒரு வழி வைத்திருந்தாள். என்ன முடிவு வந்தாலும் "கம்ப்யூட்டர் சொல்லுது சார்" என்பாள். இரண்டு வருடம் முன்பு தாழ்வான குடியிருப்பைக் காலி செய்யவைத்து, ஆறு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் போனபோதும் அந்த வாக்கியத்துக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டாள்.

அன்று காலையிலிருந்து பேய் மழை. விடிவதற்குள் ஆறு ஒன்பது மீட்டர் கரையைத் தாண்டுமா என்று நாலு மணிக்குள் அணை இன்ஜினியருக்குச் சொல்ல வேண்டும். தாண்டும் என்றால் இருட்டுவதற்குள் அதே தாழ்வான குடியிருப்பின் அறுநூறு வீடுகளையும் காலி செய்தாக வேண்டும். மழை எல்லா ஊரிலும் என்பதால் ஆளாளுக்குக் கணக்கு ஓட்ட, வழக்கமான மெஷின்கள் கிடைக்கவில்லை. வாடகைக் கம்பெனி கேட்டால் உடனே திருப்பித் தரவேண்டிய ரகம்தான் கிடைத்தது. அதில் கணக்கை நடுநடுவே சேமித்துக்கொண்டே போவதுதான் முறை. சேமித்தால் நாற்பது நிமிடம் கூடும், நாலு மணி தாண்டிவிடும். சேமிப்பை நிறுத்திவிட்டு பன்னிரண்டு பத்துக்கு ஓட்டினாள்.

மூன்று பத்துக்குத் திரையில் ஒரு வரி வந்தது: இரண்டு நிமிடத்தில் மெஷின்கள் திரும்பப் பெறப்படும்.

"ஐயையோ!"

எதையெதையோ தட்டிப் பார்த்தாள். நூறு மெஷினும் போயின. மூன்று மணி நேரக் கணக்கும் கூடவே போனது. மறுபடி கேட்டதற்கு, நாளைக் காலையில்தான் என்று பதில் வந்தது.

மிச்சம் நோட்டில் பதினைந்து வரி, மதியம் ஒன்றிலிருந்து மணிக்கு ஒன்று. கடைசி வரியில், நாளை அதிகாலை மூன்று மணிக்கு நீர்மட்டம் எட்டு மீட்டர் இருபத்தெட்டு. கடைசி மூன்று மணியில் ஏறியது பத்து, பன்னிரண்டு, பதினாறு சென்டிமீட்டர். ஏற்றம் இப்படியே கூடிக்கொண்டே போனால் காலை ஆறு மணிவாக்கில் கரையைத் தொட்டுவிடும். நடுவில் இறங்கிவிட்டால்? மறுபடி ஊர் வாயில் விழ வேண்டியதுதான். ஜன்னலுக்கு வெளியே மழை வேறு விட்டிருந்தது. பாழாய்ப்போன மழை, பெய்தாலும் பயம், விட்டாலும் பயம்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. அணை இன்ஜினியர்தான்.

"என்ன மேடம், கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

அவள் நோட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்லல சார். பாதியிலயே நின்னுபோச்சு. சேமிக்காம ஓட்டினது என் தப்பு. விடிகாலை மூணு மணி வரைக்கும்தான் கணக்கு கையில இருக்கு, மட்டம் ஏறிக்கிட்டே போகுது."

"அப்ப காலி பண்ணச் சொல்றது யாரு? நாளைக்கு என்னைக் கேப்பாங்களே!"

நோட்டின் கடைசி வரியை இன்னொரு தரம் பார்த்தாள்.

"நான் சொல்றேன் சார். என் பேரைச் சொல்லுங்க. காலி பண்ணுங்க."

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஆறு கரையைத் தாண்டியது. ஏழு மணிக்கு, ஆளில்லாத வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். காலையில் கிடைத்த மெஷின்களில் மறுபடி ஓட்டிய கணக்கு பதினொரு மணிக்கு முடிந்து, கரை தாண்டும் என்றது.

"இப்ப வந்து சொல்லு," என்று திரையை முறைத்தாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.