ஒன்றரை மணி நேரம் பின்னால்

தாமரை, கதிர், அப்பா எழுதுகிறேன். இங்கே மஸ்கட்டில் நான் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது சிட்லபாக்கத்தில் நீங்கள் படுத்திருப்பீர்கள். நம் கடிகாரத்துக்கும் இந்த ஊர்க் கடிகாரத்துக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். "அப்பா நம்மள விட ஒரு ராகு காலம் லேட்டு" என்று கதிர் ஒருமுறை போனில் கிண்டல் செய்தான். இத்தனை வருடம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. பசி ஒரு ஊர் நேரத்துக்கு வருகிறது, சோறு இன்னொரு ஊர் நேரத்துக்கு.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கேம்ப்பிலிருந்து ஆட்களைக் கட்டட வேலைக்கு பஸ்ஸில் கொண்டுபோவது. போர்மேன் கதவைத் தட்டி "கலாஸ்" என்றால் முடிந்தது என்று அர்த்தம். வண்டி நகர வேண்டும். ஒருநாள் ஒருவன் ஷூவைக் கையில் பிடித்தபடி ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. எனக்கு அரபி அரைகுறை. போர்மேனிடம் ஒரு விரலைக் காட்டி, ஒரு ஆள் வருகிறான் என்று சொல்லப் பார்த்தேன். ஒரு ஆள் குறைகிறான் என்று அவர் எடுத்துக்கொண்டார் போல. சிரித்துக்கொண்டே "கலாஸ், கலாஸ்" என்றார். வண்டியை எடுத்துவிட்டேன். இங்கே நேரம் என்றால் அதுதான்.

போன லீவில், அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்துக் கொடுக்கப் போகும் தாம்பரம் காப்பகத்துக்கு நானும் போனேனே, அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வீடில்லாத பெண்கள் தங்கும் இடம் அது. பாத்திரம் தூக்குவதும் பரிமாறுவதும் என் வேலை. அங்கே பச்சையம்மா என்று ஒருவர். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். புருஷன் போனபின் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்று, உடம்பு முடியாமல் பிளாட்பாரத்தில் கிடந்து, அங்கே வந்து சேர்ந்தவர். காப்பகத்தார் எப்படியோ விசாரித்துச் சொல்லி அனுப்ப, அவருடைய தம்பி ஒரு ஞாயிறு சாயங்காலம் ஆட்டோவோடு வந்துவிட்டார். எல்லாருக்கும் சந்தோஷம். பச்சையம்மா பையைக் கட்டினார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"ராவு காலம்டா. ஆறு மணிக்கு மேல கெளம்பலாம்."

"இன்னாக்கா நீ? ஆட்டோ நிக்குது. விடியறதுக்குள்ள நான் கடலுக்குப் போவணும்."

எனக்குக் கை பரபரத்தது. "அக்கா, சாமி பேரைச் சொல்லி ஏறுங்க. இதெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தா ஆகுமா?" என்றேன்.

"உன்னிய யாரு கேட்டா டிரைவரு? நீ போயி சாம்பாரு வாளிய பாரு."

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப இங்கியே கெட" என்று வெளியே போனார். போனால் திரும்பி வருவாரா என்று யாருக்கும் நிச்சயமில்லை. பச்சையம்மா அசையவில்லை. கொஞ்சம் கழித்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இத்தினி நாளு இங்க குந்திகினு இருந்தேன். எவனும் வந்து எட்டிப் பாக்கல. இன்னிக்கு ஒரு நாளு எனக்காவ கொஞ்சம் குந்துனா இன்னாவாம்?"

நான் இரண்டு கிளாஸ் டீயோடு கேட்டுக்குப் போனேன். தம்பியின் ஒரு கால் ஆட்டோவுக்குள் இருந்தது.

"கடல்ல காத்து சரியில்லன்னா என்னண்ணா பண்ணுவீங்க?"

"கரையில குந்திகினு இருப்போம். கடலு சார் அது. அதுகிட்ட அவசரப்பட முடியுமா?"

"இது அக்கா" என்றேன்.

முறைத்தார். டீயை ஒரே மூச்சில் குடித்தார். "பேஜாரா கீது சார் உங்களோட" என்று முனகியபடி ஆட்டோவை அனுப்பிவிட்டு, உள்ளே போய் அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிறகு யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, யார் புது வலை வாங்கினார்கள், எந்த வீட்டில் யார் தவறிப்போனார்கள் என்று பேச்சு ஓடத் தொடங்கியது. நடுவில் பச்சையம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர்கள் எழுந்தபோது ராகு காலம் முடிந்து வெகு நேரமாகியிருந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

லீவு முடிந்து மஸ்கட்டில் இறங்கியதும் என் போனில் மணி தானாகவே ஒன்றரை மணி நேரம் பின்னால் போயிற்று. ஒவ்வொரு முறையும் அப்படிக் கிடைக்கும் நேரத்தைக் கேம்ப்பில் போய்த் தூங்கித் தீர்ப்பேன். இந்த முறை ஏர்போர்ட்டில் ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தேன். நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. டூட்டிக்கு நடுவே கேட்பதால் எப்போதும் இரட்டை வேகத்தில் ஓடவிடுவேன். உங்கள் குரல் குருவி கத்துவதுபோல இருக்கும். அன்று சாதாரண வேகத்துக்கு மாற்றினேன். கதிர், "அப்பா..." என்று சொல்லிவிட்டு நீ நிறுத்துகிறாய். பின்னால் மின்சார ரயில் போகிறது. "சொல்லுடா" என்கிறாள் தாமரை. குக்கர் விசில் அடிக்கிறது. அப்புறம்தான், "ஒண்ணுமில்லப்பா, சும்மா."

கையில் மஸ்கட் மணி, காதில் சிட்லபாக்கத்து ரயில். அது போய் முடியும்வரை இருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.