மீதி ஆறு புள்ளி மூன்று

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. என்னையே நான் முழுதாக நம்புகிறவள் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போன பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அதனால்தான் எதையும் நேரத்தோடு நோட்டில் எழுதும் பழக்கம் வந்தது. அந்த நோட்டு இப்போதும் என் முன்னால் திறந்திருக்கிறது. மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. அந்தப் பக்கத்தில் ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கிறது. அடித்தது நான்தான்.

பகலில் சித்தப்பாவின் கடையில் வேலை. கார் ஸ்டீரியோ, ஹாரன், ஜிபிஎஸ் எல்லாம் பழுது பார்ப்போம். வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். வகுப்பு வாத்தியார் சொன்ன முதல் பாடம்: பார்த்ததை உடனே எழுது; நடக்கவே முடியாத ரீடிங் வந்தால் தப்பு உன்னுடையது, அடித்துவிட்டு மறுபடி அள. சித்தப்பாவுக்கும் ஒரு விதி உண்டு. கடைக்குள் வரும் எந்தப் பொருளானாலும் மூடியைக் கழற்றி, உள்பக்கம் அழியாத மையால் பதிவு எண்ணும் தேதியும் எழுத வேண்டும். "இது என்னோடது இல்ல, மாத்திட்டீங்கன்னு நாளைக்கு எவனும் வந்து நிக்கக் கூடாது பாரு" என்பார்.

மாலை 5.50. அடுத்த தெருத் தையல்கார அக்கா வந்தாள். கையில் ஒரு துண்டுத் துணியில் சுற்றிய ஜிபிஎஸ்.

அவள் கதை எல்லாருக்கும் தெரியும். கணவர் பார்சல் வேன் ஓட்டியவர். பதினோரு மாதத்துக்கு முன் வேனோடு போனவர் திரும்பவில்லை. எவளோடோ ஓடிவிட்டார் என்று ஊர் பேசி முடித்துவிட்டது. ஊர் ஓய்ந்தாலும் மாமியார் ஓயவில்லை. "உன் நாக்குக்குப் பயந்துதான்டி என் புள்ள போயிட்டான்" என்று தினமும் ஒரு வேளையாவது குத்துவாளாம்.

"இது எங்கக்கா கெடச்சுது?" என்று கேட்டேன்.

"அவரு சட்டை அடுக்குக்கு அடியில. நாலஞ்சு தடவ கவுத்துப் போட்டுத் தேடின எடம்தான். இத்தன நாளா எப்படிக் கண்ணுல படலன்னே தெரியல. எவ்வளவு நேரம் போட்டாலும் சார்ஜ் ஏற மாட்டேங்குது, பாப்பா."

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "பழசும்மா. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு."

"புதுசுல அவரு போன எடம் இருக்குமாண்ணே?"

சித்தப்பா ஹாரன் பெட்டியை எடுக்கப் போய்விட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஒரே ஒரு தடவ எரிய வெச்சுக் குடு. கடைசியா எங்க போனாருன்னு பாத்துக்கறேன். எவ வீட்டு வாசல்ல நின்னாலும் சரி. என்னை விட்டுட்டுப் போனாரா, இல்ல வேற எதுவுமா... ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

ஏழே முக்காலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். சித்தப்பாவும் ஒரு லாரிக்கு ஹாரன் மாட்டக் கிளம்பினார். "ஏ ரீடிங்கு, அதுக்கு ஜாதகம் எழுதிக்கிட்டு உக்காந்துடாத. வேலைய முடி." ரீடிங்கு என்பது அவர் எனக்கு வைத்த பட்டப்பெயர்.

அன்று வகுப்பு இல்லை. கடையில் நான் மட்டும்.

6.12. பின்மூடியைக் கழற்றினேன். உள்பக்கம் ஈரம். துடைத்துவிட்டு, பதிவு எண் 47, தேதி, மாதம், வருடம் எழுதினேன். விரலை முகர்ந்தேன். சேற்று வாசனை. சட்டை அடுக்கில் கிடந்த பொருளுக்கு ஏது சேறு? நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

6.20. கார் சார்ஜரின் ஃபியூஸ் நன்றாக இருந்தது. வயர் முனையில் ஐந்து வோல்ட் வந்தது. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பேட்டரியில் 2.1 வோல்ட்.

6.45. இன்னமும் 2.1. வயரை மாற்றினேன். 2.1. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று வேறொரு பேட்டரியை அளந்தேன். மீட்டர் சரிதான்.

6.48. சார்ஜ் துளையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். பிரஷ் நுனியில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. பாசி.

6.50. பேட்டரிதான் செத்துப்போயிருக்கும் என்று முடிவு செய்தேன். அதைக் கழற்றி மேசையின் அந்தக் கோடியில் வைத்தேன். வயரையும் பிடுங்கினேன். புது பேட்டரி எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினேன்.

6.52. முதுகுக்குப் பின்னால் "டிங்" என்று ஒரு சத்தம்.

திரை எரிந்துகொண்டிருந்தது.

பேட்டரி இல்லை. வயர் இல்லை. உள்ளே மிச்சம் நிற்கும் மின்சாரமாக இருக்கும், இரண்டு மூன்று வினாடியில் அணைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணினேன். பத்து... முப்பது... அறுபது...

அணையவில்லை.

திரையில் வரைபடம் விரிந்தது. எங்கள் கடைக்கு மேலே இரண்டு மாடி கான்கிரீட். எந்த ஜிபிஎஸ்ஸுக்கும் அங்கே சிக்னல் கிடைத்ததில்லை. சோதித்துப் பார்க்கத் தெருவுக்குத்தான் கொண்டுபோவோம். ஆனால் திரையில் சின்ன வண்டிப் படம் நகர்ந்தது. மேசைமேல் அசையாமல் கிடந்த பெட்டிக்குள், வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மேலே எழுத்து: சேருமிடம் – வீடு.

கீழே: மீதி 11.6 கி.மீ.

நோட்டை இழுத்து எழுதினேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தைரியம்.

6.57. மீதி 9.2.

7.02. மீதி 7.4. "இடப்பக்கம் திரும்பவும்" என்றது பெட்டிக்குள் இருக்கும் பெண் குரல். திரையில் சாலையின் பெயர் மாறியது. கல்குவாரிச் சாலை.

அந்தக் குரலுக்கு அடியில் வேறொரு சத்தம். டிக்... டிக்... டிக்... வண்டி திரும்பும்போது இண்டிகேட்டர் போடும் சத்தம்.

7.06. மீதி 6.3.

வண்டி நின்றது.

"நேராகச் செல்லவும்."

நின்றுகொண்டே இருந்தது.

"நேராகச் செல்லவும்."

குரல் குழைந்தது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல...

"நேரா... கச்... செல்..."

சார்ஜ் துளையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. அதுவரை உலர்ந்திருந்த மேசைமேல் சேற்றுத் தண்ணீர் ஒழுகி, என் நோட்டை நோக்கி வந்தது.

பெண் குரல் நின்றது.

மூச்சு வாங்கும் சத்தம்.

அப்புறம் ஓர் ஆண் குரல். மெதுவாக. கெஞ்சுவது போல.

"லைட்ட... போடுங்க..."

தலைக்கு மேல் குழல்விளக்கு பளீரென்று எரிந்துகொண்டுதான் இருந்தது.

"ஒண்ணும் தெரியல... லைட்ட போடுங்க..."

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. பெட்டியைப் பிடித்தேன். ஐஸ் போலிருந்தது. பவர் பட்டனை அழுத்தினேன். விடவில்லை. பதினைந்து வினாடி.

சார்ஜ் ஏறாத பெட்டிக்கு நாங்கள் கடைசியாகச் செய்வது அதுதான். பதினைந்து வினாடி அழுத்தினால் எல்லாம் அழிந்து, பெட்டி புதிதாகிவிடும். உள்ளே இருப்பது வேண்டுமா என்று ஆளைக் கேட்ட பிறகே அழுத்த வேண்டும். எனக்குத் தெரியும். வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். அதுவும் தெரியும்.

திரை அணைந்தது. தானே எரிந்தது.

"மொழியைத் தேர்ந்தெடுக்கவும்" என்று காட்டிவிட்டு, மறுபடி அணைந்தது.

7.20. பழைய பேட்டரியையே மாட்டி வயரைச் செருகினேன். 3.4 வோல்ட். 3.6. ஏழரைக்கெல்லாம் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. பழுது சரியாகிவிட்டது. அதுதான் கொடுமை.

மேசையைத் துடைத்துவிட்டு நோட்டைப் பார்த்தேன். "7.06. பேட்டரி இல்லை. வயர் இல்லை. சேருமிடம் வீடு. கல்குவாரிச் சாலை. மீதி 6.3. நின்றுவிட்டது." நடக்கவே முடியாத ரீடிங். தப்பு என்னுடையது. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன்.

7.45. அக்கா வந்தாள். திரை எரிவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் மறக்கவே போவதில்லை.

"உள்ள என்ன இருந்துச்சு, பாப்பா?"

"ஒண்ணும் இல்லக்கா. ரீசெட் பண்ணாத்தான் சார்ஜ் ஏறும்னு... எல்லாம் அழிஞ்சிருச்சு."

திரையை விரலால் தடவினாள். பிறகு சிரித்தாள். "அவரு பொருளுதானே. அவரு மாதிரியே சுத்தமாத் தொடச்சுட்டுப் போயிருச்சு."

பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். மறுநாள் காலை அது வீட்டில் இல்லையாம். மாமியார்தான் எறிந்துவிட்டாள் என்று பெரிய சண்டை. அந்த வாரமே அக்கா அவருடைய பதினோரு சட்டைகளையும் கிழித்து மிதியடியாகத் தைத்து, தன் கடை வாசலில் போட்டாள். "காத்திருந்தது போதும். இனி வர்றவங்க போறவங்க எல்லாம் மிதிக்கட்டும்" என்றாள். நானும் இரண்டு முறை அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

ஆகஸ்டில், மூடிக்கிடந்த கல்குவாரியை மறுபடி திறப்பதற்காக மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். ஆறாம் நாள் அடியில் ஒரு பார்சல் வேன் தெரிந்தது. கண்ணாடிகள் ஏற்றியபடி, கதவுகள் பூட்டியபடி. ஓட்டும் இருக்கையில் அவர் இருந்தார். சாலை ஓரத்துத் தடுப்பு எப்போதோ சரிந்துவிட்டதாம். அங்கே தெருவிளக்கும் கிடையாது.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு அக்காவின் கடைக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து மிதியடியின் தையலை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அடித்த வரியைப் படித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போனேன்.

"வீடுன்னா போட்டிருந்துச்சு?" என்றாள்.

"ஆமாக்கா."

"இன்னும் எவ்வளவு மீதி?"

"ஆறு புள்ளி மூணு."

அவள் தலையை ஆட்டினாள். "அஞ்சு மாசம் அந்த மனுஷன மிதிக்க விட்டுட்டியே, பாப்பா" என்றாள். மறுபடி குனிந்து தையலைப் பிரித்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இன்றுவரை.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பத்து நாள் கழித்து, காலை 11.15க்கு ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்தார். தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். வேனின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஜிபிஎஸ்ஸாம். தண்ணீருக்கடியில் பூட்டிய வேனுக்குள் பதினாறு மாதமாகக் கிடந்தது. மூடியைக் கழற்றியிருந்தார்கள்.

"உள்ள ஏதோ எழுதியிருக்கு. இது உங்க கடை அடையாளம்தானே?"

47. மார்ச் 11. இந்த வருடம். என் கையெழுத்து.

சித்தப்பாதான் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். 46, 47, 48. எல்லாம் இந்த வருடம்.

போலீஸ்காரர் பதிவேட்டையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு சலித்துக்கொண்டார்.

"வேன் போன வருஷம் ஏப்ரல்லயே முழுகிருச்சும்மா. ரெண்டு எடத்துலயும் வருஷத்தத் தப்பாப் போட்டு வெச்சிருக்க. அத அடிச்சுட்டு ஒழுங்கா எழுது."

பேனாவை என் பக்கம் நீட்டினார். சித்தப்பாவும் என்னையே பார்த்தார்.

நான் அதை வாங்கவில்லை.