பூண்டு மசாலாவில் சேர்த்தியா?

மசாலா பாக்கெட்டின் முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பின்பக்கத்தை வயிறு வலித்தால்தான் பார்ப்பார்கள். அந்தப் பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்து நொந்தவரா நீங்கள்? அப்படியென்றால் என் கட்சி. வங்காளத்தில், டாக்குரியா என்ற பேட்டையில், ஒரு மசாலா கம்பெனியில் அதை எழுதுவதுதான் என் பிழைப்பு.

உப்பு முன்னால்

எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும். எங்கள் சாட் மசாலாவில் உப்புதான் அதிகம், அதையே முதலில் போட்டேன். விற்பனையைப் பார்க்கும் சுபீர்தா, அதாவது சுபீர் அண்ணன், குதித்தார். உப்பு மசாலாவே இல்லையாம், கடைசிக்குத் தள்ள வேண்டுமாம். முடியாது என்றேன். வங்காள மொழியில் கத்தினார்: "உங்க ஊர்க்காரங்களுக்குக் காரம் நாக்குலயா, தலையிலயா?"

வயிற்று வலி மாமி

கார்டன் ரீச்சிலிருந்து ஒரு மாமி போன் செய்தார். டாக்டர் கோதுமையே கூடாது என்றுவிட்டாராம். சப்பாத்தியை விட்டாயிற்று, பிரெட்டை விட்டாயிற்று, வலி விட்டபாடில்லை. தினம் ரசம் சாதம்தான். எங்கள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். கோதுமை மாவு, கோந்து, அப்புறம்தான் பெருங்காயம். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். பிறகு சொன்னார்: "ஏண்டிம்மா, இத்தனை நாளா ரசத்துலயா சப்பாத்தி போட்டுண்டிருந்தேன்!"

எதை எடுப்பது?

காளிகாட் காளி கோயிலைச் சுற்றியுள்ள கடைகளுக்கென்று புதிதாக ஒரு கறி மசாலா. கோயில் பிரசாத ஆட்டுக்கறியில் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார்கள். அதனால் இங்கே அந்தக் கறிக்கும் 'நிராமிஷ்', சைவம், என்றே பெயர். பாக்கெட்டின் முன்பக்கத்திலும் அந்த வார்த்தை கொட்டை எழுத்தில். உள்ளேயோ பூண்டுத் தூள்!

"சட்டப்படி பூண்டும் மசாலாதான். 'மசாலாப் பொருட்கள்'னு ஒரே வார்த்தையில முடி," என்றார் சுபீர்தா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரதம் இருப்பவர் நம்பி வாங்குவாரே! 'பூண்டுத் தூள்' என்று பளிச்சென்று எழுதினேன். மாதிரியைப் பார்த்த கடைக்காரர் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

முதலாளி கூப்பிட்டு, எழுத்தை எடு, இல்லையென்றால் வேலையை விடு என்றார். வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் கேட்கவில்லை. "பூண்டை எடுங்க, இல்ல என்னை எடுங்க. எழுத்தை எடுக்க மாட்டேன்" என்றேன். அவர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் சுபீர்தாவிடம் சொன்னார்: "பூண்டையே எடுத்துடுப்பா, அதுதான் சுலபமா வரும்."

பூண்டு போய்விட்டது, நான் மட்டும் இன்னும் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், அப்படியே இருக்கிறேன்.